அடிபட்டவன் சொல்லும் வரை

லைன்மேன் வீட்டில் ஒயரிங் வேலை நடக்கிறது என்று சொன்னால் கேட்பவன் சிரிப்பான். தெருத்தெருவாகக் கம்பம் ஏறி ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற மனிதர், தன் வீட்டுச் சுவரில் ஒரு ஸ்விட்ச் பெட்டியை மாட்ட மச்சானைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அன்று காலை அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லைன்மேனின் வலது கை முழங்கை வரை கட்டோடு மடியில் தலையணை மேல் கிடந்தது. அதில் இரண்டு விரல்கள் இனிமேல் மடங்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்பதைத் தாண்டி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பம் ஏறுகிறவனுக்குப் பிடி போனால் பிழைப்பு போனது. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்த சங்கதி. அவர் குடியிருக்கிற சந்துக்குள் இரண்டே இணைப்புகள்தான். ஒன்று லைன்மேன் வீடு, இன்னொன்று எதிரே இருக்கிற மாவு மில். சந்து முனைக் கம்பத்தில், பெரிய லைனோடு சந்துக் கம்பியைச் சேர்க்கிற துண்டுக் கம்பியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது வெறும் கம்பி. அப்படித்தான் கழற்றினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார், செத்துக் கிடந்தது. செத்த கம்பியிலும் சங்கிலி போட்டுத் தரையோடு சேர்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது. இரண்டு இணைப்புக்கு எதற்குச் சங்கிலி என்று அதை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தார். புதுக் கம்பியை முறுக்குவதற்காக வலது கை உறையையும் கழற்றினார். அந்த நேரம் பார்த்துச் செத்த கம்பிக்கு உயிர் வந்துவிட்டது. இடுப்பு வார் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

யாரோ வீட்டுக்குள் ஜெனரேட்டரை ஓட்டி, அந்தக் கரண்ட்டைத் தெருக் கம்பிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. லைன்மேன் வீட்டிலும் ஜெனரேட்டர் உண்டு. அவர் மனைவி பின்னறையில் பெட்டி வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்துக் கொடுப்பவள். அக்கம்பக்கத்துக்கு அவள் கோழிக்காரம்மா. கரண்ட் போனால் முட்டைக்குச் சூடு போய்விடும் என்பதால், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரை அவள் தம்பி செய்து கொடுத்திருந்தான். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை சுவர்ப் பாயிண்ட்டில். லைன்மேனுக்கு அது பிடிக்காத காரியம். ஆனாலும், மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் சொருக வேண்டும் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுமதித்திருந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே மெயினை இறக்கினாயா என்பதுதான். இறக்கிவிட்டுத்தான் போட்டேன் என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவரும் நம்பினார், கூட வேலை பார்க்கிற கேங்கும் நம்பியது.

அப்படியானால் மீதி இருப்பது மாவு மில். மில்லில் ஒரு பழைய டீசல் எஞ்சின் கிடந்தது. அது ஓடிப் பல காலம் ஆகிறது என்று மில்காரர் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லைன் கேங்கில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து கரண்ட் திரும்பி வந்து ஒருவனை அடித்ததோ, அந்த வீட்டு ஒயரைக் கம்பத்திலேயே வெட்டிவிடுவார்கள். மறுபடி சேர்க்க ஆபீசரும் சொல்ல முடியாது, அவருக்கு மேலே உள்ளவரும் சொல்ல முடியாது. அடிபட்டவன் வாயால் 'குடு' என்று சொல்ல வேண்டும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். இரண்டு வாரமாக மாவு மில் இருட்டில் கிடந்தது. லைன்மேன் சொல்லவில்லை.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். இலை அசையவில்லை. கோழிக்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டிக்குள் முட்டைகள் ஓடு விரிசல் விட ஆரம்பித்திருந்தன. மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தது. இனி ஒரு பகலும் ஒரு இரவும் தாக்குப்பிடித்தால் போதும். இந்த நேரத்தில் சூடு இறங்கினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சோர்ந்துவிடும். வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும் என்று தம்பி சொல்லியிருந்ததால், இரண்டு போர்வைகளைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உலையில் அரிசி போட்டதை மறந்து, அது பொங்கி அடுப்பை அணைத்த பிறகு நினைவு வந்து ஓடினாள்.

தம்பி வீட்டு ஒயரிங் செய்கிறவன். கம்பம் ஏறுகிறவர்களுக்கு வீட்டு ஒயரிங் செய்கிறவர்கள் மேல் எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு, இவர்களுக்கும் அவர்கள் மேல் உண்டு. சாதாரண நாளாயிருந்தால் மாமனும் மச்சானும் அதை வைத்தே பொழுதைப் போக்குவார்கள். அன்றும் அவன் கொஞ்சம் முயன்று பார்த்தான். நடையில் மீட்டருக்கும் மெயினுக்கும் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் பெட்டியைச் சுவரில் வைத்து அளவு பார்த்தபடி, ஃபேஸ் கம்பியை மட்டும் மாற்றினால் போதாதா, நியூட்ரல் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒயராவது மிச்சம் என்றான்.

"போகட்டுமா? எங்க போகும்னு தெரியுமா மாப்ள உனக்கு?" என்றார் லைன்மேன். "கம்பத்துக்குப் போகும். கம்பத்துல ஒருத்தன் உக்காந்திருப்பான்."

தம்பி சுவரில் பென்சிலால் குறி போட்டான். இரண்டு கம்பியும் சேர்ந்து மாறுகிற பெட்டிதான் அது. கைப்பிடி மேலே இருந்தால் தெரு லைன், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டு பக்கத்துக் கரண்ட்டும் எந்த நேரத்திலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே முடியாது. இந்தச் சின்ன விஷயத்தை முன்பே செய்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். லைன்மேன் வீட்டில் எதுதான் நேரத்துக்கு நடந்திருக்கிறது. ஊர் வேலை முடிந்து வீட்டு வேலைக்கு வரும்போது கை ஓய்ந்துவிடும்.

சுவரில் ஓட்டை போட்டு முடிக்கும்போது மில்காரர் வந்தார். படியேறவில்லை, வாசலோடு நின்றுகொண்டார். மாவு படியாத சட்டையில் அவரைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. கூலிக்கு அரைக்கிறவர்கள் எல்லாம் வேறு மில்லுக்குப் போகப் பழகிவிட்டார்கள் என்றார். கடைத்தெருவில் ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று தன் காதுபடவே பேசுகிறார்கள் என்றார்.

"எஞ்சின்ல பெல்ட்டே கிடையாதுங்க. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க. பாத்துட்டு அப்புறமும் நான்தான்னு சொன்னீங்கன்னா நான் ஒத்துக்கறேன்."

லைன்மேன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்காரர் மறுபடி ஆரம்பிக்க, பின்னறையிலிருந்து கோழிக்காரம்மா வந்தாள்.

"கை வெந்தது எங்க வீட்டுலங்க. உங்களுக்கு மாவுதான் அரைக்க முடியல" என்றாள்.

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. மில்காரர் வீட்டுக்கு எத்தனையோ தடவை முட்டையும் குஞ்சும் சும்மா கொடுத்தவள். பயம் அவள் வாயை அப்படி நீளமாக்கியிருந்தது. மில்காரர் எதிரே தன் மில் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் இந்த வீட்டு நடை தெரியும்.

பெட்டியைச் சுவரில் இறுக்கியாகிவிட்டது. இனிக் கம்பிகளைச் சேர்க்க வேண்டும். தம்பி மெயினை இறக்கினான். முன்னறை மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அக்காவைப் பார்த்து, முட்டைப் பெட்டியைப் போர்வையால் மூடச் சொன்னான். போர்வையோடு ஓடியவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு.

"பல்பு எரியுதுடா. எனக்கே மறந்துடுச்சு பாரு. அந்த ரூமுக்கு மெயின் கிடையாது. உங்க மாமா அப்பவே தனியா இழுத்துக் குடுத்துட்டாரு, முட்டைக்கு நிக்கவே கூடாதுன்னு."

பெருமையாகத்தான் சொன்னாள். தம்பி கட்டிங் பிளேயரைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தான். பிறகு மெயின் பலகையின் திருகுகளைக் கழற்றிப் பலகையை முன்னால் சாய்த்தான். பின்னால், மீட்டரிலிருந்து மெயினுக்கு வருகிற கம்பியின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அங்கிருந்து பிரிந்த ஒயர் சுவருக்குள் புகுந்து பின்னறைப் பக்கம் போனது. மீட்டருக்குப் பின்னால், மெயினுக்கு முன்னால்.

"அன்னைக்கு ஜெனரேட்டர் ஒயர எங்கக்கா சொருகுன?" குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அந்த ரூம்லதான். மெயின இறக்கிட்டுத்தான்டா..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.  மெயினை இறக்கினால் வீடு தெருவை விட்டுப் பிரிந்துவிடும். அந்த அறை பிரியாது. அந்த அறைப் பாயிண்ட்டில் சொருகிய கரண்ட் இந்த முடிச்சு வழியாக மீட்டருக்கு வந்து, மீட்டர் வழியாகக் கம்பத்துக்குப் போய், அங்கே உறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்திருக்கிறது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். போர்வை கையிலிருந்து நழுவியதை எடுக்கவில்லை. திறந்த வாசல் வழியாக எதிரே படியில் மில்காரர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"வெட்டிடு" என்றாள் மெதுவாக. "வெட்டி உன் பெட்டியோட சேத்துடு. நீயும் நானும் பாக்கவே இல்ல."

சுலபமான காரியம்தான். இன்றைய வேலையே அதுதான், அந்த ஒயரை எப்படியும் வெட்டிச் சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் கொண்டுவந்தாக வேண்டும். ஒரு வெட்டு, கொஞ்சம் டேப், பலகையை மூடினால் தீர்ந்தது. கூடப் பிறந்தவளுக்காக மனிதன் இதற்கு மேலும் செய்வான். தம்பி பிளேயரைக் கம்பிப் பக்கம் கொண்டுபோனான், கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

சத்தம் நின்றுபோனதை முன்னறையிலிருந்த லைன்மேன் கவனித்துவிட்டார். அக்காளும் தம்பியும் சேர்ந்த இடத்தில் பேச்சு நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்தபடி எழுந்து வந்து, சாய்ந்திருந்த பலகைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். இடது கையால் டேப்பைக் கொஞ்சம் விலக்கினார். உள்ளே இருந்த முறுக்கு, கம்பத்தில் கம்பி முறுக்குகிறவர்கள் போடுகிற முறுக்கு. வீட்டு ஒயரிங் செய்கிறவன் எவனும் அப்படி முறுக்க மாட்டான்.

அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. முதல் முட்டைப் பெட்டி வாங்கிய புதிதில், வீட்டில் எதையாவது சரிசெய்ய மெயினை இறக்கினால், முட்டை முட்டை என்று இவள் பதறுவாள். ஒருநாள் ஆத்திரத்தில் மெயினுக்கு முன்னாலிருந்தே ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்து, இனி நீ கத்த வேண்டியதில்லை என்று சொன்னார். ஓடுகிற லைனில் கையுறை போட்டு நொடியில் போட்ட முடிச்சு. வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. அப்போது ஜெனரேட்டர் கிடையாது. பிறகு ஜெனரேட்டர் வந்தபோது இது நினைவில் இல்லை.

"அங்கயா சொருகுன?" என்றார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்ப்பதற்கு எளிதாக இருந்திருக்கும். "மெயின இறக்கிட்டுத்தாங்க சொருகுனேன். நீங்க சொன்ன மாதிரியேதான்."

"ஆமா. நான் சொன்ன மாதிரியேதான்."

 அவர் கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. முதலில் ஸ்விட்சை முடி என்று மச்சானிடம் சொன்னார், முட்டை என்ன தப்பு செய்தது என்றார். அதன்பின் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேலை வாங்கினார். மீட்டர் ஃபியூஸைப் பிடுங்கியதும் கொஞ்ச நேரம் பின்னறையும் அணைந்தது, கோழிக்காரம்மா போர்வையைச் சுற்றிப் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மீட்டரிலிருந்து வருகிற இரண்டு கம்பியும் சேஞ்ச் ஓவர் பெட்டியின் மேல் முனைகளுக்கு, ஜெனரேட்டர் கம்பி இரண்டும் கீழ் முனைகளுக்கு, நடு முனைகளிலிருந்து மெயினுக்கு. பின்னறை ஒயர் மெயினுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. முடித்த ஒவ்வொரு கம்பியையும் லைன்மேன் இடது கையால் இழுத்துப் பார்த்தார். ஒன்று லேசாக அசைந்தது, மறுபடி இறுக்கச் சொன்னார். அந்த இரண்டு பிளக் ஒயரைக் கேட்டு வாங்கி, ஒரு பிளக்கைத் தம்பியை விட்டே வெட்டச் சொன்னார். கைப்பிடியை மேலே ஏற்றியதும் வீடு முழுக்கக் கரண்ட் வந்தது, பின்னறையில் பல்பு எரிந்தது.

பிறகு போனை எடுத்து ஃபோர்மேனை ஏணியோடு வரச் சொன்னார். அதைக் கேட்டதும் கோழிக்காரம்மா பின்னறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். மில்லுக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லிவிடுங்கள், அது போதாதா, மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். ஊர் என்ன பேசும், கட்டினவன் கையைக் கட்டினவளே கருக்கினாள் என்றல்லவா பேசும் என்றாள்.

"குடுன்னு மட்டும் சொன்னா, போனாப் போகுதுன்னு அவர மன்னிச்சு விட்ட மாதிரி ஆயிடும்" என்றார் அவர். "மன்னிக்க நான் யாரும்மா?"

அவள் பின்னறைக்குப் போய்ப் பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு முட்டைக்குள்ளிருந்து குஞ்சின் அலகு நுனி ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. கூடவே இருந்து பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை, மறுபடி வாசலுக்கு வந்தாள்.

ஃபோர்மேன் வந்தார், கூட ஒரு ஆள், ஏணி. லைன்மேன் அவரை நடைக்குள் கூட்டிப்போய் வெட்டியெடுத்த முடிச்சைக் கையில் கொடுத்தார். ஃபோர்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார். வயதில் பெரியவர், கேங்கில் எத்தனையோ பேரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். இதை இப்படியே விட்டுவிடலாம், மில்லுக்குக் கொடுத்துவிடலாம், கேட்டால் இரக்கப்பட்டு விட்டதாக இருக்கட்டும் என்றார். உன் வீட்டு ஒயரை நான் வெட்டினேன் என்று என் பெயர் கெட வேண்டுமா என்றும் கேட்டார். லைன்மேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், மாறவில்லை.

"முதல்ல அவருக்குக் குடுங்கண்ணே. அப்புறம் என்னுத வெட்டுங்க."

அதைச் சொல்லிவிட்டு எதிரே மில் படிக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாசல் தாண்டியது அன்றுதான். மில்காரர் எழுந்து நின்றார். லைன்மேன் சுற்றி வளைக்காமல், கரண்ட் வந்தது என் வீட்டிலிருந்துதான், ஒயரை இழுத்தவன் நான்தான் என்று சொன்னார். கோழிக்காரம்மாவும் பின்னாலேயே வந்து, காலையில் பேசியது தப்பு என்று சொன்னாள். மில்காரர் இருவரையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மில் சாவியை எடுத்தார். 

கேங் ஆள் ஏணி ஏறினான். இந்தத் தடவை சங்கிலியைப் போட்டுவிட்டுத்தான் கை வைத்தான். மில் ஒயர் சேர்ந்தது. பிறகு பக்கத்திலிருந்த லைன்மேன் வீட்டு ஒயருக்குப் போய்க் கீழே பார்த்தான். ஃபோர்மேன் லைன்மேனைப் பார்த்தார்.

"வெட்டச் சொல்லிடறேன். திரும்பச் சேக்கணும்னா அடிபட்டவன் சொல்லணும். அடிபட்டவனும் நீதான். அப்புறம் எப்படிப்பா?"

"நான் சொன்னா செல்லாதுண்ணே. மில்காரர் சொல்லட்டும். அவர் எப்ப குடுன்னு சொல்றாரோ அப்ப குடுங்க."

ஃபோர்மேன் மில்காரரைப் பார்த்தார். மில்காரர் குனிந்து, மில் கதவின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஏணி மேலிருந்து வெட்டுகிற சத்தம் சின்னதாகக் கேட்டது.

கோழிக்காரம்மா ஓட்டமாக வீட்டுக்குள் போனாள். மின்விசிறி நின்றிருந்தது, பின்னறை இருண்டிருந்தது. தம்பி கொல்லையில் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பினான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இறக்கப் பயம். லைன்மேன் பக்கத்தில் வந்து நின்று, அவசரப்படாதே, நடுவில் கொஞ்சம் நிறுத்து என்றார். நிறுத்தினாள். இப்போது இறக்கு என்றார். இறக்கினாள். பின்னறையில் பல்பு எரிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் பொரிந்துவிட்டது.

எதிரே மில் ஓட ஆரம்பித்து நெடுநேரமாகியிருந்தது. விஷயம் அதற்குள் கடைத்தெரு வரை போயிருக்க வேண்டும், தூக்குவாளியும் பையுமாக ஆட்கள் வந்துபோனார்கள். லைன்மேன் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். மில்காரர் சட்டையெல்லாம் மாவாக இரண்டு தடவை வெளியே வந்தார். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அடைக்கிற நேரம் வந்ததும் கதவை அடைத்துப் பூட்டிக்கொண்டு சந்து முனைப் பக்கம் நடந்துபோனார்.

கோழிக்காரம்மா மண்ணெண்ணெய் கேனோடு வந்து லைன்மேன் பக்கத்தில் நின்றாள். ஜெனரேட்டர் சத்தத்தில் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"அவரு எப்பங்க சொல்வாரு?"

"தெரியல" என்றார் லைன்மேன். "ரெண்டு வாரமா நான் சொல்லலையே."